பைக்கில் சைடு பேக் மாட்ட வீட்டிலேயே கம்பி ஸ்டாண்டு: எங்கே மாட்டுவது, எந்தக் கம்பி, எப்படிப் பற்றவைப்பது

புது வண்ணாரப்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 150 சிசி பைக் வைத்திருக்கிறார். சீட்டுக்குக் குறுக்கே போட்டால் இரண்டு பக்கமும் தொங்குமே, அந்தத் துணி சைடு பேக்கை வாங்கி மாட்டிக்கொண்டு பழவேற்காடு போய் வந்திருக்கிறார். வீடு திரும்பிப் பார்த்தால் வலது பை சைலன்ஸரில் ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. இடது பை சாரி கார்டுக்குப் பின்னால் உள்ளே சாய்ந்து டயரில் தேய்ந்திருக்கிறது. அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறாராம். "என் வண்டிக்கு ரெடிமேட் ஸ்டாண்டு சரியா உட்காரல, விலையும் கட்டுப்படியாகல. நாமே செஞ்சுக்க முடியுமா அண்ணே? எந்தக் கம்பி வாங்கணும்?" என்கிறார்.

முடியும் தம்பி. கொருக்குப்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். காசிமேட்டு மீன் வியாபாரிகளின் பெட்டி ஸ்டாண்டு, பால்காரர் கேன் வளையம், சிலிண்டர் போடுகிற பையன்களுக்குக் கொக்கி என்று இரு சக்கர வண்டியில் எதையாவது தொங்கவிடுகிற வேலைதான் எனக்குப் பாதிச் சோறு போடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கம்பி என்றுதான். அது அப்புறம். இந்த ஸ்டாண்டு என்ன வேலை செய்யப்போகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மீன்பெட்டி ஸ்டாண்டில் பெட்டியின் எடை முழுக்கக் கம்பியில் உட்காரும். ஐஸோடு சேர்த்தால் நாற்பது கிலோவுக்குக் குறையாது. உங்கள் துணிப் பையின் எடையோ சீட்டின் மேல் குறுக்கே போகிற பட்டையில் தொங்குகிறது. பை உள்ளே சாயாமல் வெளியே தள்ளி நிறுத்துவதும், குழியில் இறங்கும்போது ஊஞ்சலாடாமல் பிடித்துக்கொள்வதும் மட்டும்தான் கம்பிக்கு வேலை. இது புரியாமல்தான் "முக்கால் இஞ்ச் பைப் போடுங்கண்ணே", "ஆங்கிள் போடுங்கண்ணே" என்று வந்து நிற்கிறார்கள். பையில் இருப்பது நாலு சட்டை, ஒரு மழைக்கோட்டு. ஆறு கிலோ பைக்கு எட்டு கிலோ ஸ்டாண்டு எதற்கு? அந்த எட்டு கிலோவும் பின்சக்கரத்துக்குப் பின்னால் போய்த் தொங்கினால் வண்டியின் முன்பக்கம் லேசாகி ஹேண்டில் ஆட்டம் காட்டும்.

அடுத்தது எங்கே மாட்டுவது. நான் பார்த்த ஸ்டாண்டுகளில் உடைந்தவை எல்லாம் அநேகமாக இந்த ஒரு விஷயத்தில் தவறியவைதான். என்னுடையதும் அதில் சேர்த்தி.

தொழிலுக்கு வந்த புதிதில் என் பழைய 100 சிசி வண்டிக்கு நானே ஒன்று செய்தேன். மேலே ஷாக் அப்சார்பரின் தலைப் போல்ட்டில் ஒரு முனை, கீழே பின்சீட்டுக் கால்கட்டையில் ஒரு முனை. நாலு நூல் கம்பி, அதாவது அரை இஞ்ச் கம்பி, தடித்த வெல்டிங், பார்க்க யானைக்குப் போட்ட சங்கிலி மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் எர்ணாவூர் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். கீழ் முனை ஒட்டோடு பிய்த்துக்கொண்டு ஸ்போக்ஸுக்குள் போய்விட்டது. மூன்று ஸ்போக்ஸ் போயிற்று. பின்னால் கன்டெய்னர் லாரி எதுவும் வராததால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெல்டிங் மோசமில்லை. அந்த வண்டியில் பின்கால்கட்டை ஸ்விங் ஆர்மில் இருந்தது. ஸ்விங் ஆர்ம் என்பது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற கை, சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஷாக்கின் தலையோ ஃபிரேமில் இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் இந்த இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி விலகும். நடுவில் விறைப்பாக ஒரு கம்பியை வைத்துப் பூட்டினால் என்ன ஆகும்? கம்பி வளையும், இல்லை ஒட்டு விடும். கம்பி எவ்வளவு தடிப்போ அவ்வளவு சீக்கிரம் ஒட்டு விடும்.

உங்கள் வண்டியில் எது எதோடு அசைகிறது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடாதீர்கள், சக்கரம் இரண்டும் தரையில் இருக்க வேண்டும். ஒருவர் ஹேண்டிலைப் பிடித்து நேராக நிறுத்தட்டும், இன்னொருவர் பின்சீட்டைப் பலமாக அமுக்கி அமுக்கி விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். சீட்டோடு சேர்ந்து கீழே வருவதெல்லாம் ஃபிரேமைச் சேர்ந்தவை, அங்கே மாட்டலாம். சீட்டு இறங்கும்போது அசையாமல் நிற்பதெல்லாம் சக்கரத்தைச் சேர்ந்தவை, அங்கே கை வைக்கக் கூடாது. ஷாக்கின் கீழ்ப் போல்ட், ஸ்விங் ஆர்ம், அதில் பிடித்திருக்கும் செயின் கவர் எல்லாம் இரண்டாவது வகை. 150 சிசி வண்டிகளில் கால்கட்டை பெரும்பாலும் ஃபிரேமில் தனி பிராக்கெட்டில் இருக்கும். இருந்தாலும் அமுக்கிப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மூன்று பிடி வேண்டும். முன்மேலே ஷாக் தலைப் போல்ட், பின்மேலே கிராப் ரெயிலை (பின்சீட்டுக் கைப்பிடிக் கம்பியை) பிடித்திருக்கும் பின்போல்ட், கீழே கால்கட்டை பிராக்கெட். இரண்டு பிடி மட்டும் இருந்தால் கீல் போட்ட கதவு மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது பிடியும் கிடைத்தால்தான் நிற்கும். அதற்கு மேல் பின்னால் மட்கார்டுக்கு வெளியே, நம்பர் பிளேட்டுக்குக் கீழாக, இடது ஸ்டாண்டையும் வலது ஸ்டாண்டையும் சேர்த்து ஒரு குறுக்குக் கம்பி. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பை உள்பக்கமாகத் தள்ளும்போது எதிர்த்து நிற்பது அந்தக் குறுக்குக் கம்பிதான். அது இருந்தால் மெல்லிய கம்பியே போதும்.

வடிவம் சிக்கலானதில்லை. கிராப் ரெயில் போல்ட்டில் தொடங்கிக் கீழிறங்கி, பையின் அடிமட்டத்தில் வளைந்து முன்னோக்கி வந்து, ஏறிக் கால்கட்டை பிராக்கெட்டில் முடியும் ஒரு வளையம். ஆங்கில 'டி' எழுத்தைச் சாய்த்துப் போட்ட மாதிரி. ஷாக் தலையிலிருந்து ஒரு துண்டு வந்து அந்த வளையத்தின் மேல்பக்கத்தில் சேரும். அடிக்கம்பி பையின் அடிமட்டத்துக்கு இரண்டு இஞ்ச் மேலே இருந்தால் போதும். அதற்கும் மேலே போனால் பையின் கீழ்ப்பகுதி கம்பிக்கு அடியில் புகுந்து டயரைத் தொடும். உங்கள் இடது பைக்கு நடந்தது அதுதான். சாரி கார்டு மேல்பாதியைத் தடுத்தது, பையின் அடிமூலை அதற்குப் பின்னால் புகுந்துவிட்டது.

கம்பியை வெட்டுவதற்கு முன்னால் மாதிரி எடுக்க வேண்டும். எட்டு கேஜ் இரும்புக் கம்பி, அதாவது 4 மி.மீ. கம்பி, ஹார்டுவேர் கடையில் எடைக்குக் கிடைக்கும். கையாலேயே வளையும், வளைத்தால் அப்படியே நிற்கும். பையை வண்டியில் மாட்டி, உள்ளே பழைய துணி அடைத்து, அந்தக் கம்பியைப் பிடிகளுக்கு நடுவில் வளைத்து வளைத்துப் பாருங்கள். பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்துக் குதிகால் இடிக்கிறதா என்று கேளுங்கள். பின் ஆக்ஸில் நட்டுக்கும் செயின் டைட் செய்யும் இடத்துக்கும் ஸ்பேனர் போகிறதா பாருங்கள். நடுவழியில் பஞ்சர் ஆனால் ஸ்டாண்டையே கழற்றினால்தான் சக்கரம் வரும் என்ற நிலைமை வரக் கூடாது. இண்டிகேட்டரும் பின்விளக்கும் மறையக் கூடாது. எல்லாம் சரி என்றால் அந்த மாதிரிக் கம்பியை நேராக நீட்டி அளந்தால் எவ்வளவு கம்பி வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இடதுக்கு எடுத்த மாதிரியை வலதுக்கு அப்படியே போடாதீர்கள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திருப்பிப் போட வேண்டும். எங்கள் பட்டறையில் புதிதாக வந்த பையன் ஒருவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அழகாக இரண்டு ஸ்டாண்டு செய்து வைத்திருந்தான், இரண்டுமே இடது! மேலும் உங்கள் வண்டியில் சைலன்ஸர் வலதுபக்கம். வலது வளையம் இடதை விட வெளியே தள்ளித்தான் வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லையே என்று மனம் சங்கடப்பட வேண்டாம். ஆனால் எவ்வளவு தள்ளினாலும் பை ஹேண்டில் முனையைத் தாண்டக் கூடாது. ஹேண்டில் நுழைகிற சந்தில் பையும் நுழையும் என்ற நம்பிக்கையில்தான் நாம் எல்லோரும் மின்ட் தெருவில் வண்டி ஓட்டுகிறோம். அந்த நம்பிக்கை பொய்த்தால் அடுத்த வண்டியின் கண்ணாடியோடு வீடு வந்து சேருவீர்கள்.

இப்போது கம்பிக்கு வருவோம். மூணு நூல் எம்.எஸ். கம்பி (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்புக் கம்பி) வாங்குங்கள், உருண்டைக் கம்பி. கடையில் நூல் கணக்குத்தான் பேசுவார்கள். எட்டு நூல் ஒரு இஞ்ச், ஆக மூணு நூல் என்பது கிட்டத்தட்ட 10 மி.மீ. இருபதடி நீளத்தில் வரும், ஒன்று வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் குறுக்குக் கம்பிக்கும் சேர்த்துப் போதும், மீதியும் இருக்கும். எடை பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 617 கிராம். உங்களுக்கு மொத்தம் நாலு மீட்டர் போகும் என்று வைத்தால் இரண்டரைக் கிலோவுக்குள் முடிகிறது. பிடிகளுக்கு ஒரு இஞ்ச் அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள இரும்புப் பட்டை ஓரடி இரண்டடி போதும். பாரிமுனையில் செம்புதாஸ் தெரு பக்கம் போனால் இரும்பு, பைப், போல்ட் எல்லாம் ஒரே நடையில் முடியும். ஒரே ஒரு கம்பிக்காக அங்கே போக வேண்டியதில்லை, பக்கத்துப் பட்டறையில் துண்டு விழுந்தது கேட்டாலே கொடுப்பார்கள்.

பைப் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், எடைக்கு எடை பார்த்தால் பைப்தான் விறைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் இருப்பது கடலோரம். காசிமேட்டிலிருந்து எனக்கு ரிப்பேருக்கு வரும் பைப் ஸ்டாண்டுகளைப் பாருங்கள். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் 'டிங்' என்பது 'டொக்' என்று மாறும். அங்கே கிரைண்டர் வைத்தால் முட்டை ஓடு மாதிரி உடையும், உள்ளே சிவப்புத் தூள் கொட்டும். உப்புத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் அரித்தது. கெட்டிக் கம்பிக்கு உள்பக்கம் என்பதே கிடையாது. துரு பிடித்தாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் பிடிக்கும்.

வீடு கட்டும்போது மிஞ்சிய முறுக்குக் கம்பி மொட்டைமாடியில் கிடக்கிறதே என்பார்கள். வேண்டாம். அதன் மேல்தோல் கடினமானது, சின்ன வளைவுக்கு இஷ்டப்படாது, மேலே இருக்கும் வரிகள் பையை ரம்பம் மாதிரி அறுக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தண்ணீர்ப் பைப்பைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் கண்டு நடுங்குவீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆசை இருந்தால் 304 கிரேடு கேளுங்கள். கைப்பிடிச் சுவருக்குப் போடுகிற 202 நம்ம ஊர் உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் பழுப்புப் புள்ளி விடும். 304-ஐப் பற்றவைக்க அதற்கென்று தனி வெல்டிங் ராடு வேண்டும். இந்தச் சின்ன வேலைக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பது என் கேள்வி.

மூணு நூல் கம்பியைச் சூடு காட்டாமலே வளைக்கலாம். வைஸில், அதாவது பட்டறை மேசையில் பூட்டியிருக்கும் இறுக்குப்பிடியில், ஒரு இஞ்ச் பைப் துண்டை நட்டுக்குத்தலாகப் பிடித்து, அதை ஒட்டிக் கம்பியை வைத்து, கம்பியின் நீள்முனையில் இரண்டடிப் பைப்பை மாட்டி இழுத்தால் வெண்ணெய் மாதிரி வரும். கூர்மையாக முட்டி மடக்குகிற மாதிரி வளைக்காதீர்கள், உருண்டு திரும்ப வேண்டும். கூர்முனை பையைக் கிழிக்கும், விரிசலும் அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு வளைவுக்கும் மாதிரிக் கம்பியோடு ஒட்டிப் பாருங்கள். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் திருப்பி நிமிர்த்தலாம், ஆனால் ஒரே இடத்தில் நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்தினால் கம்பி அங்கே சோர்ந்துவிடும். அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு வேறு வெட்டுங்கள்.

பற்றவைக்கிற வேலை தெரியாவிட்டால் அதை மட்டும் பட்டறையில் கொடுங்கள். அளவு, வளைப்பு, துளை எல்லாம் நீங்களே செய்து கொண்டுபோனால் அரை மணி நேர வேலைதான். ஆனால் என்ன சொல்லி வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, கம்பியின் முனையைப் பட்டையின் விளிம்பில் முட்டவைத்துப் பற்றவைக்க விடாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் ஒரு பொட்டு வைத்து முடிப்பார்கள். கம்பியைப் பட்டையின் முகத்தில் ஒரு இஞ்ச் நீளத்துக்குப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓட்டச் சொல்லுங்கள். இன்ஜின் அதிர்வு நாள் முழுக்க அந்த மூட்டைத்தான் ஆட்டும். முட்டவைத்த ஒட்டில் அந்த ஆட்டம் முழுவதும் ஒரே கோட்டில் விழும். படுக்கவைத்த ஒட்டில் ஒரு இஞ்ச் நீளத்துக்குப் பரவிப்போகும். முறிந்த ஸ்டாண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒட்டின் நடுவில் விட்டிருக்காது. ஒட்டு முடிந்து கம்பி தொடங்குகிற அந்த மயிரிழை ஓரத்தில்தான் விட்டிருக்கும்.

12 கேஜ் ராடு போதும், 10 கேஜ் ராடில் கரண்ட் ஏற்றி அடித்தால் கம்பியில் பள்ளம் விழும். பற்றவைத்தவுடன் சூட்டோடு தண்ணீரில் முக்குகிற பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. வேண்டாம், தானாக ஆறட்டும். கசடைத் தட்டி எடுத்துவிட்டு ஒட்டைப் பாருங்கள். தொடர்ச்சியாக, மீன் செதில் அடுக்கிய மாதிரி இருந்தால் நல்லது. ஓட்டை ஓட்டையாக இருந்தால் கிரைண்டரில் தேய்த்து மறைக்க விடாதீர்கள், இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வண்டியில் வைத்துப் பற்றவைக்கவே கூடாது. "ஒரு பொட்டுதாண்ணே" என்பார்கள். பெட்ரோல் டாங்கி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, இப்போது வரும் வண்டிகளில் இன்ஜினை நடத்தும் எலக்ட்ரானிக் பெட்டியான இசியூ வேறு, வெல்டிங் கரண்ட்டில் அது கெட்டுப்போகலாம். ஸ்டாண்டின் துண்டுகளை வண்டியில் போல்ட் போட்டு நிறுத்தி, சேருமிடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டையும் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி அப்படியே கழற்றிக் கொண்டுபோய்ப் பற்றவையுங்கள். ஃபிரேமில் எந்தத் துண்டையும் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். ஃபிரேம் கெட்டால் வண்டியே போச்சு, ஸ்டாண்டு கெட்டால் இருநூறு ரூபாய்.

போல்ட் விஷயத்தில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. 5 மி.மீ. பட்டை நடுவில் புகுந்ததால் பழைய போல்ட் அந்த அளவுக்கு மரை குறைவாகப் பிடிக்கும். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது மரை பிடிக்க வேண்டும், அதனால் நீளமான போல்ட் தேவைப்படும். ஹார்டுவேர் கடையில் 10 எம்.எம். போல்ட் என்று கேட்டால் ஒன்றரை மி.மீ. மரை இடைவெளி உள்ளதைக் கொடுப்பார்கள். ஜப்பானிய வழியில் வந்த நம் பைக்குகள் பலவற்றில் அந்த இடத்தில் இருப்பது ஒன்றேகால் மி.மீ. நுண்மரை. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும், "டைட்டா இருக்கே" என்று ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் ஃபிரேமின் மரையே போய்விடும். பழைய போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கடையில் நட்டில் ஏற்றிப் பார்த்து வாங்குங்கள். போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். நட்டு வருகிற இடத்தில் உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டு போடுங்கள், ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்பாதீர்கள். பட்டையும் பிராக்கெட்டும் ஒட்டாமல் இடைவெளி நின்றால் போல்ட்டை இறுக்கி இழுத்து ஒட்டவைக்கக் கூடாது. அளவாக ஒரு புஷ், அதாவது போல்ட் நுழைகிற சின்னக் குழாய்த் துண்டு, வெட்டி நடுவில் வையுங்கள். மூன்று துளைகளில் ஒன்றை மட்டும் நீள்துளையாக அராவிக்கொண்டால் மாட்டும்போது மல்லுக்கட்ட வேண்டாம்.

சைலன்ஸர் பக்கம். பை நைலான் என்றால் 220 டிகிரி, பாலியஸ்டர் என்றால் 250 டிகிரிக்கு மேல் போனால் உருகும். ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே இளகி ஒட்ட ஆரம்பிக்கும். பை நிறைந்த நிலையில், பின்சீட்டில் ஆள் உட்கார்ந்த நிலையில், சைலன்ஸருக்கும் பைக்கும் நடுவில் நாலு விரல் வைக்க இடம் இருக்க வேண்டும். காலிப் பையில் அளந்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால் அடிக்கம்பிக்கும் சைலன்ஸருக்கும் நடுவில் அலுமினியத் தகடு ஒன்றைக் கம்பியிலிருந்து அரை இஞ்ச் தள்ளி மாட்டுங்கள். தகடு பையையும் தொடக் கூடாது, சைலன்ஸரையும் தொடக் கூடாது. நடுவில் காற்று ஓடினால்தான் அது சூட்டைத் தடுக்கும், இல்லாவிட்டால் தோசைக்கல்தான். பையின் பின்மூலை புகை வரும் வாய்க்கு நேராக நிற்கவும் கூடாது.

பெயிண்ட்டுக்குமுன் துருவும் எண்ணெயும் போக எமரித் தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, ரெட் ஆக்ஸைடு ஒரு கை, மேலே எனாமல் இரண்டு கை. ஒட்டு போட்ட இடத்துக்கு ஒரு கை கூடுதல். பவுடர் கோட்டிங் இன்னும் நல்லது. கம்பி பையில் தேயாமல், கடகடக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி உறை மாதிரி மாட்டுவது நம்ம ஊர் வழக்கம். நானும் செய்வேன். ஆனால் அந்த உறைக்குள் உப்புத் தண்ணீர் தங்கும். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள், வருடத்துக்கு ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டுக்கு இடம் வேண்டும் என்று சாரி கார்டைக் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்சீட்டில் ஆள் ஏறும் வண்டிக்குக் கைப்பிடி, கால்கட்டை, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு மூன்றும் வேண்டும் என்கிறது. அதனால் சாரி கார்டு இருக்கட்டும், அதன் மேலேயே ஸ்டாண்டை வகுத்துக்கொள்ளுங்கள். அம்மாவோ தங்கையோ புடவையோடு ஏறுகிற வண்டி என்றால் விதி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. போல்ட்டில் மாட்டிக் கழற்றுகிற ஸ்டாண்டாக இருப்பதும் நல்லது, ஊருக்குப் போகாத நாளில் கழற்றி வைத்துவிடலாம்.

மாட்டி முடித்ததும் நேராக ராமேஸ்வரம் கிளம்பாதீர்கள். இரண்டு பையிலும் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று ஒன்று வையுங்கள். கனமானது பையின் அடியில், முன்பக்கமாக வர வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து குதித்துப் பாருங்கள், பை எங்கே போகிறது என்று மூன்றாவது ஆள் பார்க்கட்டும். பையின் வார்முனைகள் தொங்கினால் செயின் பக்கம் போகும்; மடித்து உள்ளே செருகுங்கள், செருக முடியாததை வெட்டி முனையைத் தீக்குச்சியால் கருக்கிவிடுங்கள். பையின் கீழ்வாரை அடிக்கம்பியில் ஒரு சுற்று சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பள்ளத்தில் பை எகிறிக் கம்பிக்கு உள்பக்கம் போய் உட்கார்ந்துவிடும். பிறகு எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு நடை போய் வாருங்கள். அந்தச் சாலையில் தாங்கின ஸ்டாண்டு எங்கேயும் தாங்கும். திரும்பி வந்து எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கி, போல்ட் தலையிலிருந்து பட்டை வரைக்கும் வெள்ளை பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். வழியில் டீக்கு நிற்கும்போதெல்லாம் குனிந்து ஒரு பார்வை, கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது.

ஓட்டை விழுந்த பையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் வைத்திருங்கள். லாரிக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பவர்கள் நம்ம பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். உருகின ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாகத் தார்ப்பாய்த் துண்டு வைத்துச் சுற்றி இரண்டு தையல் ஓட்டித் தருவார்கள். அந்தப் பையையே வலதுபக்கம் மாட்டுங்கள்.